வெள்ளையன் தடம் கொடுத்த நாள்

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு வெள்ளையனை இரும்புக்கடையில் அறுக்கப்போகிறார்கள் என்று தாள் வந்து சேர்ந்தபோது, ஜைத்தூன் முதலில் நினைத்தது வண்டியைப் பற்றி அல்ல, பாதையைப் பற்றித்தான். ஏனென்றால் ஊத்துப்பாறை மலையில் பாதை என்பது மலைக்குச் சொந்தமானது அல்ல, ஊராட்சிக்கோ வனத்துறைக்கோ சொந்தமானதும் அல்ல, அவர்கள் வீட்டு ஜீப்புக்குச் சொந்தமானது. ஜீப் இருக்கும்வரை பாதை இருக்கும், ஜீப் போனால் பாதையும் அதன் பின்னாலேயே போய்விடும். மழை மேற்கிலிருந்துதான் வரும் என்பதைப் போல, அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது.

பாதை பிறந்தது அவளுடைய அத்தாவைப் பெற்ற கச்சி ராவுத்தர் காலத்தில். மட்டக்குதிரைகளின் முதுகில் உப்பும் கருவாடும் மண்ணெண்ணெயும் ஏற்றி, செங்குத்தான ஒற்றையடித் தடத்தில் நாலு மணி நேரம் நடந்து மேலே கொண்டுபோய்க் கொடுத்துவந்த மனிதர், ஒருநாள் ராணுவ ஏலத்தில் ஒரு பச்சை ஜீப்பை எடுத்துவந்தார். அதற்கு இடது பக்கம் ஸ்டீயரிங், கதவே கிடையாது, கிளம்பும்போது குதித்துக் குதித்துக் கிளம்பியதால் ஊரார் அதற்குத் தவளை என்று பெயர் வைத்தார்கள். மலையில் ஜீப் ஏறப் பாதை இல்லையே என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவரும் யாரிடமும் கேட்கவில்லை. உப்பு மூட்டைகளை ஏற்றி, உன்னிமுள் புதருக்குள் வண்டியை விட்டு, முதல் கியரில் ஏறிக்கொண்டே போய், உச்சியில் இறங்கித் திரும்பிப் பார்த்தபோது, அவருக்குப் பின்னால் பதினோரு கொண்டை ஊசி வளைவுகளோடு ஒரு பாதை, உலரப் போட்ட வேட்டி மாதிரி மலையில் கிடந்தது. ஊத்துப்பாறைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். உப்பு நனையாமல் வந்ததா என்று கேட்டார்கள். நனையவில்லை என்றதும் மூட்டைகளை இறக்கிக்கொண்டு போனார்கள்.

பிற்பாடு வனத்துறையிலிருந்து ஒரு காவலர் வரைபடத்தோடு வந்து, இங்கே பாதை என்று ஒன்று இல்லவே இல்லை என்று சொல்லி, அதை நிரூபிப்பதற்காகத் தவளையில் மூன்று தடவை ஏறி இறங்கிவிட்டு, வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். எஸ்டேட்டுக்காரர் ஒருவர் தன் டிராக்டரை அதே இடத்தில் ஏற்றிப் பார்த்தார். அதன் சக்கரத்துக்கு முன்னால் பாறையும் முள்ளும்தான் இருந்தன. காலால் நடந்துபோக நினைத்தவர்களுக்கும் அப்படித்தான். ராவுத்தர் வீட்டு ஜீப்பில் உட்கார்ந்திருந்தால் அது வழவழப்பான செம்மண் பாதை, இறங்கிக் கால் வைத்தால் கணுக்கால் புதையும் முள். ஆடு மாடுகூட அதை ஓரமாகவே சுற்றிப் போகும். அதனால் ஊர் தன்னை ஜீப்புக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. ஹாரன் இரண்டு நீளம் கேட்டால் பெண்கள் உலையில் அரிசியைப் போட்டார்கள், ஏலக்காய் மூட்டைகளை ஹாரன் கேட்கும் தூரத்தில் அடுக்கினார்கள், காய்ச்சல் வந்தால் ஹாரன் வரும்வரை தாங்கு என்று உடம்புக்குச் சொன்னார்கள், உடம்பும் தாங்கியது.

தவளைக்கு வயதானதும் கச்சி ராவுத்தர் அதைச் சமவெளியில் வாழைத்தோப்பு வைத்திருந்த ஒருவருக்கு விற்றார். மறுநாள் விடிந்தபோது மலையில் பாதை இல்லை. அது வாழைத்தோப்புக்குப் போய்ப் படுத்திருந்தது. ஒரு மேடு பள்ளம்கூட இல்லாத தட்டையான நிலத்தில் பதினோரு கொண்டை ஊசி வளைவுகள், அந்த மனிதர் வீட்டிலிருந்து பம்புசெட்டுக்குப் போக பதினோரு தடவை திரும்ப வேண்டியிருந்தது. நாலாம் நாள் தலைசுற்றலோடு வந்து, ராவுத்தரே, உங்கள் பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சாவியைக் கொடுத்துவிட்டார். அப்போதுதான் அவர்களுக்கு வழி பிடிபட்டது. தவளை முன்னால் ஏற, அதன் சக்கரம் பட்ட இடத்திலேயே சக்கரம் வைத்துப் புது வண்டி பின்னால் ஏற வேண்டும். பழைய வண்டியை வீட்டுக்குப் பெரியவர் ஓட்ட வேண்டும், புது வண்டி உச்சிவரை எங்கும் நிற்கக் கூடாது. இதற்குத் தடம் கொடுப்பது என்று பெயர். தவளை கிடாரிக்குத் தடம் கொடுத்தது. அந்தச் சிவப்பு வண்டி மேட்டில் அடம்பிடித்து முட்டியதால் கிடாரி. கிடாரி வெள்ளையனுக்குக் கொடுத்தது.

அந்த இரண்டாம் தடவையில்தான் தவறு நடந்தது. கச்சி ராவுத்தர் கிடாரியில் முன்னால் போக, அவர் மகன் நாகூர்கனி, அதாவது ஜைத்தூனின் அத்தா, வெள்ளையனில் பின்னால் போனார். ஆறாவது வளைவில், கொழுந்துப் பச்சைப் புடவை கட்டிய ஒச்சம்மா என்கிற பெண் மூட்டையோடு பாறை மேல் நின்று கையைக் காட்டினாள். அன்றைக்கு யாரும் கை காட்டக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மலையில் ஜீப் ஓட்டுகிறவனுடைய காலுக்கு, கை காட்டும் ஆளைத் தாண்டிப்போகத் தெரியாது. நாகூர்கனியின் மனம் போ என்றது, கால் பிரேக்கை மிதித்தது. இரண்டே நிமிஷம். அந்த இரண்டு நிமிஷம் வண்டி நின்ற இடம் மட்டும் வெள்ளையனுக்கு வந்து சேராமல், பாதையில் பதினைந்தடிக்குக் குழியாக விழுந்தது. அதன் மேல் பலா மரத்தடிகளைப் போட்டு முப்பது வருஷத்துக்கு மேல் வண்டி ஓட்டினார்கள். ஊர் அதற்கு ஒச்சம்மா பள்ளம் என்று பெயர் வைத்தது. தடி மேல் வண்டி தடதடக்கும்போதெல்லாம், "நான் ஒருத்தி ஏறுனதுக்கா இம்புட்டு?" என்று ஒச்சம்மா பின்னாலிருந்து கேட்பாள், ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

இப்போது வெள்ளையனின் முறை. வண்டியின் ஆயுள் சட்டப்படி முடிந்துவிட்டது, திங்கட்கிழமை அதைக் கொண்டுபோய் ஒப்படைத்தாக வேண்டும். தேயிலை எஸ்டேட் ஒன்றிலிருந்து வாங்கிய கறுப்பு ஜீப் வாசலில் நிற்கிறது. அறுபத்திரண்டு வீடுகள் மேலே இருக்கின்றன, ஏலக்காய் பறிப்பு பாதியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் தடம் மாறாவிட்டால், திங்கட்கிழமை பதினொரு மணிக்குப் பாதை இரும்புக்கடை வாசலில் போய் விழுந்துவிடும், அங்கிருந்து அதைத் திருப்பிக் கொண்டுவர ஒரு வண்டியும் மிஞ்சாது.

நாகூர்கனிக்கு எழுபத்தொரு வயது, இடது கண்ணில் புரை. தடத்தை வாங்க வேண்டியவன் மகன் ஹனீபாதான் என்று அவர் மனதுக்குள் எழுதி வைத்திருந்தார். ஹனீபா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றான், வெள்ளிக்கிழமை சரக்கு அனுப்பும் நாள் என்றான், பிறகு, அக்காதானே ஆறு வருஷமாக ஓட்டுகிறாள், அவளே ஓட்டட்டும் என்று சொல்லி போனை வைத்துவிட்டான். அது உண்மைதான். அத்தாவின் கண் மங்கியதிலிருந்து வெள்ளையனை ஓட்டியது ஜைத்தூன்தான். முப்பத்தெட்டு வயது, கையகலப் பாறையில் சக்கரத்தை வைத்துத் திருப்பத் தெரிந்தவள். ஆனாலும் அத்தா அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று நாள் சோறு தின்றார், தொழுதார், கறுப்பு ஜீப்பைச் சுற்றி நடந்தார், பேசவில்லை. அவர் வாயைத் திறந்து, நீ ஓட்டு என்று சொல்ல வேண்டும் என்பது ஜைத்தூனுக்குப் பாதையைவிடப் பெரிதாக இருந்தது. அதை அவள் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

மேலே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் ஊர் கூடியது. பெண்பிள்ளை கையில் பாதை நிற்குமா என்று ஊர்த்தலைவர் பொம்மையா மெதுவாக ஆரம்பித்தார், அவர் எதையும் மெதுவாகத்தான் ஆரம்பிப்பார். காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒச்சம்மா தலையை நிமிர்த்தவே இல்லை.

"குழிக்குப் பேரு வைக்கையில பொம்பளை பேரு ஆச்சு. வண்டி ஓட்டுனா மட்டும் ஆகாதோ. வேலையைப் பாரு பொம்மையா."

அதற்குமேல் அந்தப் பேச்சு எழவில்லை. ஞாயிற்றுக்கிழமை யாரும் வெளியே வந்து கை காட்டக் கூடாது, தெரியாமல் கை தூக்கிவிடும் பழக்கம் உள்ளவர்கள் கையை மடித்து அதன் மேல் உட்கார்ந்துகொள்ள வேண்டும், பாதைப் பக்கம் ஒரு காலும் போகக் கூடாது என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அம்மா உள்ளே குர்ஆனிலிருந்து யாசீன் ஓதிக்கொண்டிருக்க, நாகூர்கனி வெள்ளையனில் ஏறி உட்கார்ந்தார். ஜைத்தூன் கறுப்பு ஜீப்பில் ஏறினாள். அத்தா திரும்பிப் பார்க்காமல், முன்கண்ணாடியைப் பார்த்தே சொன்னார்.

"நிக்காதே. வழியில நான் விழுந்தாலும் நிக்காதே."

"சரிங்கத்தா."

நீ ஓட்டு என்பதை அவர் இப்படித்தான் சொன்னார் என்பது முதல் வளைவு தாண்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அப்போது சந்தோஷப்பட நேரம் இல்லை.

இரண்டாவது வளைவில் தூறல் பிடித்தது. மூன்றாவதில் மழையானது. வெள்ளையன் இழுத்துக்கொண்டு போன இரண்டு சக்கரத் தடங்களுக்குள் தண்ணீர் ஓடியது, ஜைத்தூன் அந்தத் தண்ணீருக்குள்ளேயே தன் சக்கரங்களை வைத்துக்கொண்டு போனாள், அரை சாண் விலகினாலும் டயர் முள்ளைக் கடிக்கும் சத்தம் கேட்டது. அத்தாவின் ஒரு கண்ணுக்கு மழையில் என்ன தெரியும் என்று அவள் யோசிக்கவில்லை, அவர் முதுகை மட்டும் பார்த்தாள். வளைவு வருவதற்கு முன்பே அந்த முதுகு சாய்ந்தது, கண் பார்ப்பதற்கு முன்பே இடுப்பு பாதையைப் படித்தது. வழியோரத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயன் வீடுகளின் கதவுகள் சாத்தியிருந்தன. ஒரு ஜன்னலில் ஒரு குழந்தை கையைத் தூக்க, உள்ளிருந்து யாரோ அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்கள்.

ஆறாவது வளைவில் பலாத் தடிகள் ஊறிப்போயிருந்தன. வெள்ளையன் தடதடத்துத் தாண்டியது. கறுப்பு ஜீப்பின் முன்சக்கரம் தாண்டியது, பின்சக்கரம் ஏறும்போது ஒரு தடி முறிந்தது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, இடது பின்சக்கரம் குழிக்கு மேல் வெறும் காற்றில் சுழன்றது, ஜைத்தூன் ஆக்சிலேட்டரை விடாமல் ஸ்டீயரிங்கைப் பாறைப் பக்கம் ஒடித்தாள், மூன்று சக்கரங்களும் மண்ணைப் பிறாண்டி நாலாவதைத் தூக்கிக்கொண்டுபோய் மறுபக்கம் போட்டன. நிற்கவில்லை. நின்றதா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது, திரும்பிப் பார்க்க முடியாது, பார்த்தால் சக்கரம் விலகும்.

ஒன்பதாவது வளைவு மலையிலேயே செங்குத்தானது. அங்கேதான் வெள்ளையனுக்கு மூச்சு நின்றது. முதலில் கறுப்புப் புகை கக்கியது, பிறகு புகையும் இல்லை, வண்டி ஒரு கணம் அந்தரத்தில் தொங்குவதுபோல் நின்றது, பிறகு பின்னால் நகர ஆரம்பித்தது. அத்தா பிரேக்கில் ஏறி நிற்பதை ஜைத்தூன் பார்த்தாள். மழைச் சேற்றில் பிரேக் பிடித்த சக்கரங்கள் அப்படியே சறுக்கி வந்தன. அவர் கையை வெளியே நீட்டி, போ, பின்னால் போ என்று ஆட்டினார். பின்னால் போகலாம். போனால் அவள் பிழைப்பாள், ஒன்பதாவது வளைவுக்கு மேல் பாதை பிழைக்காது, அத்தா பள்ளத்தில் போவார். அவள் லோ கியரைப் போட்டு, வண்டியை முன்னால் விட்டு, தன் பம்பரால் வெள்ளையனின் முதுகைத் தாங்கினாள்.

இரும்பு இரும்பில் மோதிய சத்தம் மலையெங்கும் போய் வந்தது. ஒரு விளக்கு உடைந்தது. கறுப்பு ஜீப் முனகியது, நாலு சக்கரமும் சேற்றை வாரி இறைத்தன, ஆனால் நகர்ந்தது. ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை, நிற்பதற்கும் நகர்வதற்கும் நடுவில் ஒரு நூல் அளவு. பானெட்டிலிருந்து ஆவி வந்தது. வெப்பமுள் சிவப்பில் போய் முட்டியது. இன்னும் இரண்டு வளைவுகள் இருந்தன. வெள்ளையனில் வேலை செய்த ஒரே பொருள் ஹாரன், அத்தா அதன் மேல் கையை வைத்து அழுத்தியவர் எடுக்கவே இல்லை. இரண்டு நீளம் அல்ல, முடிவே இல்லாத ஒரே நீளம்.

அந்தச் சத்தம் மேலே போய்ச் சேர்ந்தபோது, அறுபத்திரண்டு வீட்டிலும் ஆட்கள் கைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். என்ன நடந்தது என்பதை யாரும் யாரிடமும் கேட்கவில்லை. போகக் கூடாது என்று நாம்தானே பேசி வைத்தோம் என்றார் பொம்மையா, அதைச் சொல்லிக்கொண்டே அவரும் எழுந்துவிட்டார். ஆனால் முதலில் எழுந்தவள் ஒச்சம்மா.

"ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு குழி விழுந்துச்சு, அதை நான் முப்பது வருசமாச் சுமக்குறேன். இன்னைக்கு அங்க வண்டி நின்னுச்சுன்னா மலையே குழிதான். கயித்தை எடுங்கய்யா."

மூட்டை கட்டும் கயிறுகளையும், ஊத்திலிருந்து குழாய் இழுக்கும்போது பயன்படுத்திய வடத்தையும் எடுத்துக்கொண்டு, வாசல் மண் முடிந்து பாதை தொடங்கும் இடத்தில் வந்து நின்றார்கள். சேறு வழுக்கும் என்று செருப்புகளை ஸ்டோர் வாசலிலேயே கழற்றிவிட்டிருந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு முன்னால் பாதை இல்லை, உன்னிமுள்தான் இடுப்பளவுக்கு நின்றது. ஒச்சம்மா புடவையைச் சொருகிக்கொண்டு காலை வைத்தாள். முள் ஏறியதும் முகம் சுளித்தாள், அடுத்த காலை வைத்தாள். அவள் பின்னால் பொம்மையா, அவர் பின்னால் மற்றவர்கள்; முள் கிழித்த கெண்டைக்கால்களும் பாதங்களுமாக இரண்டு வளைவு இறங்கி வந்து, வெள்ளையனின் முன்பம்பரில் வடத்தை மாட்டி, திரும்பி மேடு பார்த்து இழுக்க ஆரம்பித்தார்கள்.

ஜைத்தூனுக்கு வெள்ளையனின் பின்கண்ணாடி வழியாகவும் முன்கண்ணாடி வழியாகவும் தெரிந்தது மழையும் அத்தாவின் தலையும், அதற்கும் அப்பால் குனிந்து நிமிரும் நூறு முதுகுகளும்தான். யாரும் பாட்டுப் பாடவில்லை, ஏலேலோ போடவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. அவர்கள் இழுத்தார்கள், அவள் தள்ளினாள், நடுவில் அத்தா ஹாரனை விட்டுவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். பத்தாவது வளைவு. பதினோராவது வளைவு. ஸ்டோர் வாசலின் தட்டையான தரையில் நாலு சக்கரங்களும் ஏறி, கறுப்பு ஜீப் தானாக அணைந்தபோதுதான் ஜைத்தூன் காலை எடுத்தாள். அத்தா இறங்கி வந்து, நசுங்கிய பம்பரைத் தடவிப் பார்த்துவிட்டு, அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

திங்கட்கிழமை வெள்ளையனைக் கறுப்பு ஜீப்பின் பின்னால் சங்கிலியில் கட்டி, ஊர்க்காரர்கள் நாலு பேர் இரண்டு வண்டியிலுமாக ஏறி வெள்ளையனின் பிரேக்கைப் பிடித்துக்கொள்ள, கீழே கொண்டுபோய் ஒப்படைத்தார்கள். ஜைத்தூன் அந்த நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு மேலே திரும்பி வந்தாள். பத்தே முக்காலுக்கு ஊர் முழுக்க ஸ்டோர் வாசலில் வந்து நின்று, பாதையின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதினொன்று ஆனது. பதினொன்றேகால் ஆனது. இரும்புக்கடைக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த சொந்தக்காரனிடமிருந்து பொம்மையாவின் போனுக்கு, அறுத்தாயிற்று என்று சேதி வந்தது. செம்மண் அப்படியே கிடந்தது. ஓரத்து உன்னிச்செடி ஒருதரம் ஆடியது, அது காற்று. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காய் காய்ந்துவிடும் என்று ஒவ்வொருவராக வேலைக்குப் போனார்கள்.

அன்றும் மறுநாளும் ஜைத்தூன் அந்தப் பாதையில் ராணி மாதிரி போய்வந்தாள், அத்தா மேலேயே தங்கி ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தடம் தன்னிடம் வந்துவிட்டது, தான் நிற்காமல் ஏறியதால் வந்தது, ஹனீபாவுக்கு வராமல் தனக்கு வந்தது. போகும்போதும் ஆள் நிறைய, வரும்போதும் ஆள் நிறைய. ஹாரனை முன்னைவிடக் கொஞ்சம் நீளமாகவே அடித்தாள்.

புதன்கிழமை காலையில், பின்னால் எட்டுப் பெண்களும் பன்னிரண்டு மூட்டை ஏலக்காயுமாக இறங்கிக்கொண்டிருந்தபோது, நாலாவது வளைவுக்குக் கீழேயிருந்து ஒரு ஹாரன் கேட்டது. அவளுடைய ஹாரன் அல்ல. அந்தப் பாதையில் இரண்டாவது ஹாரன் என்று ஒன்று இருந்ததே இல்லை. வளைவில் ஒரு நீல ஜீப் மூக்கை நீட்டியது. ஓட்டியவன் முன்பின் தெரியாத ஆள், பக்கத்தில் பொம்மையாவின் மருமகன், பின்னால் கட்டிவைத்த ஒரு ஃபிரிட்ஜ். நீல ஜீப்பின் நாலு சக்கரங்களும் செம்மண்ணில், முள் இல்லாத செம்மண்ணில் நின்றன.

நீல ஜீப்காரன் தலையை வெளியே நீட்டி, மரியாதையாகத்தான் சொன்னான், ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழி விட வேண்டும், மலையில் அதுதானே முறை என்று. அவளுக்கு அந்த முறை தெரியாது. எதிரே வண்டி வராத பாதையில் அதைத் தெரிந்துவைக்கத் தேவை இருக்கவில்லை. பாதை சரியாக ஒரு ஜீப்பின் அகலம், ஒதுங்க ஓரடி இடம்கூட எங்கும் கிடையாது.

பின்னால் இடம் இருக்கிறதா என்று பார்க்க அவள் இறங்கினாள். முள் ஏறியது. செருப்பைத் துளைத்துக்கொண்டு குதிகால்வரை ஏறியது. அவள் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள், அவளைச் சுற்றி இடுப்பளவு உன்னிமுள். அதே இடத்தில் பெண்கள் பின்பலகையிலிருந்து வெறுங்காலோடு குதித்து இறங்கி, வழவழப்பான மண்ணில் நிற்பதுபோல் நின்று, இடுப்பில் கை வைத்துச் சோம்பல் முறித்தார்கள். பொம்மையாவின் மருமகனும் நின்றான். ஞாயிற்றுக்கிழமை அவன் வடத்தின் மூன்றாவது ஆளாக இருந்தது அவளுக்கு நினைவு வந்தது.

அவளுக்கு எல்லாம் ஒரே மூச்சில் விளங்கியது. தடம் கறுப்பு ஜீப்புக்கு வரவில்லை. முள்ளில் கால் வைத்தவர்களுக்குப் போய்விட்டது. அவர்கள் ஏறி உட்காரும் வண்டி எதுவானாலும் அதற்குப் பாதை உண்டு. அன்றைக்கு மலையில் இருந்தவர்களில் கால் தரையில் படாமல் உட்கார்ந்தே வந்தவர்கள் இரண்டே பேர், அவளும் அத்தாவும். இந்த இரண்டு நாளும் அவள் அவர்களுடைய பாதையில், அவர்கள் வண்டியில் இருந்ததால் ஓட்டியிருக்கிறாள்.

ஒச்சம்மா அவள் காலைப் பார்த்துவிட்டாள். செருப்பின் விளிம்பில் ரத்தம் வழிந்தது ஒச்சம்மாவுக்குத் தெரிந்தது, முள் தெரியவில்லை.

"ஏத்தா, நீ இன்னும் நடக்கலைல்ல."

"இல்ல அத்தை."

"எங்களுக்கும் குத்துச்சு."

ஜைத்தூன் ஜீப்பின் கதவைப் பார்த்தாள். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம், கதவைச் சாத்திக்கொண்டு, எங்கள் பாட்டனார் போட்ட பாதை, நீ கீழே போ என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் நீல ஜீப்காரன் போய்விடக்கூடும், பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள், ஆனால் மூட்டையைத் தூக்கி நீல ஜீப்பில் வைக்கும் நாள் வரும். அவள் செருப்பைக் கழற்றினாள். பாறைப் பக்கத்துச் சரிவில், எல்லோருக்குமே முள்ளாக இருந்த அந்த ஓரத்தில் இறங்கி நடந்தாள். ஒரு ஜீப் நீளம் போனாள், திரும்பினாள், அரையடி தள்ளி மறுபடி போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஏர் ஓட்டுவதுபோல் வரிவரியாக மிதித்தாள். ஒன்பது தடவையோ பத்துத் தடவையோ போயிருப்பாள், பாதத்துக்குக் கீழே குத்துவது நின்று, ஈரமண்ணின் குளிர்ச்சி தெரிந்தது. உன்னிச்செடி விலகிப் படுத்துக்கிடந்தது, பாதையின் பக்கத்தில் ஒரு வண்டி ஒதுங்கும் அளவுக்குச் செம்மண் பிறந்திருந்தது.

பெண்கள் ஏறவில்லை, ஓரமாகவே நின்று பார்த்தார்கள். அவள் ஒற்றை ஆளாகக் கறுப்பு ஜீப்பைப் பின்னால் எடுத்தாள். பின்சக்கரம் புது மண்ணில் இறங்கியது. மண் தாங்கியது. முன்சக்கரமும் இறங்கியது. நீல ஜீப் மெல்ல ஏறி அவளுக்குப் பக்கத்தில் வந்தது, இரண்டு வண்டிகளின் கண்ணாடிகளும் உரசாமல் உரசின. ஓட்டியவன் நன்றி சொல்வதுபோல் கையைத் தூக்கினான். அவள் அவனை நிறுத்தினாள்.

"மேல போனதும் ஸ்டோர் வாசல்ல நாகூர்கனி ராவுத்தர்னு ஒருத்தர் உக்காந்திருப்பார். எங்க அத்தா. செருப்பைக் கழட்டிட்டு, இந்த வளைவு வரைக்கும் மெதுவா நடந்து வரச் சொன்னேன்னு சொல்லுங்க."